முதல் சிறார் நூல்: கதையிலிருந்து அச்சுவரை, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை

சிறார் நூல் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கதையின் முதல் வரைவு முடிந்ததும் ஓவியரைத் தேடிப் போய்விடுகிறார்கள். படங்கள் பாதி ஆன பிறகு கதை மாறுகிறது. கதை மாறினால் பக்கம் மாறும், பக்கம் மாறினால் வரைந்த படத்துக்கு இடமிருக்காது. பணமும் போய், இருவருக்கும் மனக்கசப்பும் வந்து, நூல் நடுவழியில் நின்றுவிடுகிறது. இதில் எவருடைய திறமையும் குறையில்லை. வேலைகளின் வரிசைதான் பிழை.

கீழே உள்ள வரிசை 3 முதல் 8 வயது வரையிலான படக்கதை நூலுக்கானது. வளர்ந்த சிறாருக்கு நெடுங்கதை எழுதுகிறவர்களுக்கு வழி எங்கே பிரிகிறது என்பது 7ஆம் பகுதியில் இருக்கிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அண்மையில் வெளிவந்த சிறார் நூல்கள் ஒரு கட்டு வேண்டும். நூலகத்தில் எடுத்தாலும் போதும். நாம் சிறுவயதில் படித்தவற்றை நினைவில் வைத்து எழுதினால் அந்தக் காலத்து வாக்கியமும் அந்தக் காலத்து அறிவுரையும் தாமாக வந்துவிடும். எடுத்த ஒவ்வொரு நூலிலும் மொத்தப் பக்கம், சொற்களின் எண்ணிக்கை, கதை தொடங்கும் பக்கம், முடியும் பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நூல்களின் சொற்களை முழுவதுமாகக் கையால் எழுதிப் பாருங்கள். படம் எவ்வளவு சுமக்கிறது, சொல் எவ்வளவு சுமக்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

8 வெற்றுத் தாள்கள், பென்சில், கத்தரிக்கோல், பசை ஆகியவை 4ஆம் பகுதிக்கு வேண்டும்.

உங்கள் வீட்டைச் சேராத நாலைந்து குழந்தைகளையும், அவர்களுக்கு உரக்க வாசிக்கச் சம்மதிக்கும் பெரியவர் ஒருவரையும் இப்போதே பேசி வையுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் சொந்தக் குழந்தைதான் அகப்படும். உங்கள் முகத்தைப் பார்த்தே அது கதையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும்.

1. வாசகரின் வயதை முடிவுசெய்யுங்கள்

"எல்லா வயதினருக்கும்" என்று எழுதியிருக்கும் கையெழுத்துப்படியை நான் கவலையோடுதான் திறப்பேன். வயது முடிவாகாமல் சொல், நீளம், எழுத்தின் அளவு, பக்கம் எதுவும் முடிவாகாது.

3 முதல் 5 வயது வரை குழந்தை கேட்கிறது, பெரியவர் வாசிக்கிறார். எனவே சொல் கடினமாக இருக்கலாம், ஆனால் வாக்கியம் காதில் நிற்க வேண்டும். 6 முதல் 8 வரை குழந்தை தானே எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. இங்கே சொல்லும் எளிதாக வேண்டும், வரியும் குறுக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நூலில் நிறைவேற்ற முயல்வது புதியவர்கள் செய்யும் பெரும்பிழை.

கதை நாயகரின் வயது வாசகரின் வயதாகவோ, ஓரிரண்டு வயது கூடுதலாகவோ இருக்கட்டும். 7 வயதுக் குழந்தை 9 வயதுக்காரியின் கதையை ஆவலோடு படிக்கும். 5 வயதுக்காரனின் கதையை "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று தள்ளிவிடும்.

2. கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

அந்த வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன வேண்டும், எது தடுக்கிறது. "இருட்டென்றால் நடுங்கும் மீனா, மொட்டைமாடியில் மறந்துவிட்ட பட்டத்தை மழை வருவதற்குள் எடுத்து வர வேண்டும்" என்பது கதை. "இருட்டுக்குப் பயப்படக் கூடாது என்பதை மீனா கற்றுக்கொள்கிறாள்" என்பது பாடக்குறிப்பு. இரண்டாவது வகை வாக்கியம்தான் உங்களுக்குத் தோன்றுகிறதென்றால் இன்னும் எழுதத் தொடங்க வேண்டாம். மீனாவுக்கு என்ன வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

தடையை யார் தாண்டுகிறார் என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். அப்பா விளக்கோடு வந்து பட்டத்தை எடுத்துக் கொடுத்தால் அது அப்பாவின் கதையாகிவிடும். பெரியவர் உதவலாம், தீர்க்கக் கூடாது. வாசிக்கும் குழந்தை மீனாவின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்திருக்கிறது. கடைசிப் படியில் அதை ஒதுக்கிவிட்டுப் பெரியவர் ஒருவரை நிறுத்துவது அநியாயம்.

3. முதல் வரைவு

ஒரே அமர்வில் எழுதிவிடுங்கள். சொல் எண்ணிக்கையை இப்போது பார்க்க வேண்டாம். முடித்த மறுநாள் எண்ணுங்கள். 3 முதல் 5 வயதுக்கு 300 சொல்லுக்குள் அடங்கினால் நல்லது. 500ஐத் தாண்டினால் அதற்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று பொருள். ஆங்கிலப் படக்கதைகளுக்குச் சொல்லப்படும் சொல் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் வினைமுற்றும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி குறைந்த சொற்களில், ஆனால் நீண்ட சொற்களில் வரும்.

பிறகு மூன்று இடங்களில் வெட்டுங்கள். முதலாவது, தொடக்கத்தில் வரும் அறிமுகம். "ஓர் ஊரில் மீனா என்ற சிறுமி இருந்தாள். அவள் மிகவும் நல்லவள்" என்பதெல்லாம் நீங்கள் கதைக்குள் நுழைய உதவிய வரிகள். வாசகருக்கு அவை தேவையில்லை. இரண்டாவது, இறுதியில் வரும் நீதி. கதை அதைச் சொல்லியிருந்தால் மறுபடி சொல்ல வேண்டாம், சொல்லவில்லை என்றால் ஒரு வரியில் ஒட்டவைத்தும் பயனில்லை. மூன்றாவது, படம் காட்டிவிடக்கூடிய நிறம், உடை, மரம், வானம் பற்றிய வர்ணனை.

எதுகை மோனையோடு எழுத விரும்புகிறவர்கள் முதலில் உரைநடையில் எழுதிப் பாருங்கள். சந்தத்துக்காகக் கதை வளைந்தால் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். கதை நேராக நின்ற பிறகு பாட்டாக்குவது கடினம்தான், ஆனால் முடியும்.

4. டம்மி செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்றுவேன் என்கிறவர் இதைப் பின்பற்றட்டும். அச்சுத் தொழிலில் டம்மி என்றால் நூலின் வெற்று மாதிரி. அதைச் செய்யாமல் ஓவியரிடம் போகவே கூடாது.

8 தாள்களையும் ஒன்றாக அடுக்கிப் பாதியாக மடியுங்கள். 32 பக்கம் கிடைக்கும். படக்கதை நூல்களில் மிகப் பரவலான அளவு இதுதான். அச்சில் பெரிய தாளின் இரு பக்கமும் அச்சிட்டு மடித்து 8, 16, 32 பக்கக் கட்டுகளாக வெட்டுகிறார்கள் என்பதே காரணம். நடுவில் கம்பி அடித்துத் தைக்கும் நூலின் பக்க எண்ணிக்கை 4ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 30 பக்கத்தில் கதை முடிந்தால் 2 பக்கம் வெறுமையாகத் தொங்கும்.

எல்லாப் பக்கத்திலும் எண் இடுங்கள். ஒற்றை எண்கள் வலப்பக்கம், இரட்டை எண்கள் இடப்பக்கம். 1ஆம் பக்கம் தலைப்புக்கு, 2 பதிப்பு விவரத்துக்கு, 3 முழுத்தலைப்புக்கு அல்லது காணிக்கைக்கு என்று ஒதுக்கினால் கதை 4இல் தொடங்கும். கடைசிப் பக்கத்தை ஆசிரியர், ஓவியர் குறிப்புக்கு வைத்தால் கதை 31இல் முடிய வேண்டும். அதாவது விரித்தால் கண்ணுக்கு முன் தெரியும் இரட்டைப் பக்கங்கள் 14 கிடைக்கும். உங்கள் கதைக்கு இருக்கும் மேடை அவ்வளவுதான்.

இப்போது கதையை அச்செடுத்து, வெட்டி, பக்கங்களில் வைத்துப் பாருங்கள். உடனே ஒட்டாதீர்கள். நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். பார்க்க வேண்டியவை இவை.

பக்கம் புரட்டும் இடம்: குழந்தை வலப்பக்கத்தின் முடிவில்தான் தாளைப் புரட்டுகிறது. எனவே கேள்வி ஒற்றை எண் பக்கத்தின் அடியில் வர வேண்டும், விடை அடுத்த இரட்டை எண் பக்கத்தில் வர வேண்டும். "கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது" என்பது 13ஆம் பக்கத்தில் இருந்தால் 14இல் பூனை வரும்போது குழந்தை குதிக்கும். அதுவே 12இல் கேள்வி, 13இல் பூனை என்றால் எதிர்ப்பக்கத்துப் படம் வாசிக்குமுன்பே குட்டை உடைத்துவிடும்.

படம் மாறுகிறதா: அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களில் மீனாவும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டே இருந்தால் ஓவியருக்கு வரைய எதுவுமில்லை. இடம், செயல், ஆள், வெளிச்சம் ஆகியவற்றில் ஒன்றாவது ஒவ்வொரு புரட்டலிலும் மாற வேண்டும். பேச்சை வெட்டிச் செயலாக்குங்கள்.

சொல் எங்கே குவிகிறது: ஒரு பக்கத்தில் எட்டு வரியும் அடுத்ததில் ஒரே வரியும் வந்தால், அது நீங்களே விரும்பிச் செய்ததா என்று கேளுங்கள். கதையின் உச்சியில் ஒரு வரிகூட இல்லாத படப்பக்கம் விடுவது அழகு. நடுவில் தற்செயலாக அப்படி வந்தால் ஓட்டை.

இந்தச் சோதனையில் கதையின் ஒரு பகுதி விழுந்துவிடும். விழட்டும். புதியவர்களின் டம்மியில் பெரும்பாலும் முதல் மூன்று இரட்டைப் பக்கங்கள் ஒன்றாகச் சுருங்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

5. தமிழைச் சரிபாருங்கள்

தானே வாசிக்கும் குழந்தைக்கு நீண்ட சொல்தான் முதல் எதிரி. "ஓடிக்கொண்டிருந்தபோதுதான்" என்பது நமக்கு ஒரே சொல், ஆறு வயதுக் கண்ணுக்கு ஒரு சுவர். "ஓடினாள். அப்போதுதான்" என்று பிரிக்கலாம். "அங்கேயொரு" என்பதை "அங்கே ஒரு" என்றும், "பூனையில்லை" என்பதை "பூனை இல்லை" என்றும் பிரித்து எழுதுங்கள்.

ஆனால் பிரிப்பது வேறு, சொற்களுக்கிடையே வரும் வல்லின ஒற்றைக் கைவிடுவது வேறு. எளிமை என்ற பெயரில் "பூனையை பார்த்தாள்" என்று அச்சிடும் நூல்கள் என்னை வருத்துகின்றன. "பூனையைப் பார்த்தாள்" என்பதே சரி. குழந்தை முதன்முதலில் கண்ணால் பழகும் தமிழ் இது. அதில் பிழை இருந்தால் பின்னாளில் திருத்துவது கடினம்.

உரையாடலைப் பேச்சு வழக்கில் வைக்கலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. பெரியவர் வாசித்துக் காட்டும் நூலில் தாராளமாக வைக்கலாம், காதுக்கு அது உயிரூட்டும். 6 முதல் 8 வயதுக்காரர் தானே வாசிக்கும் நூலில் வேண்டாம் என்பது என் கருத்து. பேச்சுத் தமிழை எழுதுவதற்கு நிலையான எழுத்துக்கூட்டு கிடையாது, ஆளுக்கு ஒரு விதம். இப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகும் குழந்தை அங்கே திணறும்.

சலசல, கிடுகிடு, மினுமினு, கமகம போன்ற இரட்டைக்கிளவிகள் நம் கையில் இருக்கும் செல்வம். ஒரு கதைக்கு ஒன்றிரண்டு சொற்களைத் தேர்ந்து திரும்பத் திரும்ப வரச் செய்யுங்கள். மூன்றாம் முறை வரும்போது குழந்தை தானே சேர்ந்து சொல்லும்.

6. குழந்தைகள்முன் வாசித்துப் பாருங்கள்

நீங்கள் வாசிக்காதீர்கள். முன்பே பேசிவைத்த பெரியவர் டம்மியை வைத்து வாசிக்கட்டும். உங்கள் குரலில் எழுத்தின் குறைகள் எல்லாம் மறைந்துவிடும், ஏனென்றால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர் நாக்கு இடறுகிற வரியில்தான் பிழை இருக்கிறது.

நீங்கள் பின்னால் உட்கார்ந்து, குழந்தைகள் நெளிகிற பக்கத்தையும், குறுக்கே கேள்வி கேட்கிற பக்கத்தையும், முன்னால் சாய்கிற பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் "பிடித்திருந்ததா?" என்று கேட்க வேண்டாம். ஆம் என்றுதான் பதில் வரும். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிடும் நிகழ்ச்சி கதைக்குத் தேவையா என்று யோசியுங்கள். அவர்களாகச் சேர்த்துச் சொல்வதைக் கட்டாயம் எழுதிவையுங்கள். திருத்தியபின் வேறு குழந்தைகளிடம் மறுபடி சோதியுங்கள். அதே குழந்தைகளுக்கு முடிவு தெரிந்துவிட்டது.

7. வளர்ந்த சிறாருக்கு எழுதுகிறீர்கள் என்றால்

9 வயதுக்கு மேல் டம்மி தேவையில்லை, அதன் இடத்தில் அத்தியாயத் திட்டம் வரும். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இரண்டு வரி: என்ன நடக்கிறது, எந்தக் கேள்வியோடு முடிகிறது. இரண்டாவது வரியை எழுத முடியாத அத்தியாயத்தை முந்தையதோடு சேர்த்துவிடுங்கள்.

முழு வரைவும் முடியுமுன் யாரிடமும் காட்ட வேண்டாம். பாதியில் வரும் பாராட்டும் பாதியில் வரும் குறையும் எழுத்தை நிறுத்திவிடும். முடிந்தபின் அந்த வயது வாசகர்களிடம் கொடுத்து, எங்கே மூடி வைத்தார்கள் என்பதை மட்டும் கேளுங்கள்.

12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எழுதும்போது அதிகம் காணும் பிழை, பெரியவர் தம் இளமையை ஏக்கத்தோடு நினைவுகூர்வது. அது பெரியவர்களுக்கான எழுத்து. இளம் வாசகருக்கு நிகழ்வது எல்லாம் இன்றே, முதல் முறையாக நிகழ்கிறது. பின்னாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று தெரிந்த குரல் கதைசொல்லியிடம் இருந்தால் பதற்றம் முழுவதும் வடிந்துவிடும்.

8. பதிப்பகமா, சொந்தப் பதிப்பா?

பதிப்பகத்துக்கு அனுப்புவதென்றால் ஓவியரைத் தேடும் வேலை உங்களுடையதன்று. சிறார் பதிப்பகங்கள் பொதுவாக ஓவியரைத் தாமே தேர்ந்தெடுக்கும். நீங்கள் பணம் கொடுத்து வரைந்த படங்கள் கதைக்கே தடையாகலாம். எழுத்து மட்டும், இரட்டைப் பக்கப் பிரிவுகளைக் குறித்து அனுப்புங்கள். அந்தப் பதிப்பகத்தின் அண்மை நூல்களைப் பார்த்து, உங்கள் கதை அவற்றோடு பொருந்துமா என்று முன்பே முடிவுசெய்யுங்கள். கடிதத்தில் வயது, சொல் எண்ணிக்கை, 2ஆம் பகுதியில் எழுதிய ஒரே வாக்கியம், உங்களைப் பற்றி இரு வரி, இவை போதும். நெடுங்கதையென்றால் முடிவு உட்பட முழுக்கதைச் சுருக்கம் சேர்க்க வேண்டும். முடிவை மறைத்தால் ஆசிரியர் குழுவால் மதிப்பிட முடியாது.

ஒப்பந்தம் வந்தால் நான்கு இடங்களைப் பாருங்கள்: பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறதா, உரிமம் எத்தனை ஆண்டுக்கு, மொழிபெயர்ப்பும் மின்நூலும் ஒலிநூலும் அதில் அடங்குமா, நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது திரும்பும்.

பதிப்புரிமை முடியாத பிறமொழி நூலைத் தழுவியோ மொழிபெயர்த்தோ எழுதியிருந்தால் எந்த வழியில் போனாலும் முதலில் அனுமதி வேண்டும். நாடுகளுக்கிடையிலான பெர்ன் உடன்படிக்கைப்படி ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப்பின் குறைந்தது 50 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. பல நாடுகளில் இதைவிடக் கூடுதல். பாடல் வரியை எடுத்தாள்வதற்கும் இதே விதிதான்.

9. ஓவியரோடு வேலை

சொந்தப் பதிப்பு என்றால் ஓவியரிடம் இப்போது போங்கள். கையில் முடிந்த எழுத்தும் டம்மியும் இருக்கும். நூலின் அளவையும் முடிவுசெய்திருக்க வேண்டும். அளவு மாறினால் படத்தின் விகிதமே மாறிவிடும்.

வேலை தொடங்குமுன் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டியவை: எத்தனை படங்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம், தொகை ஒரே தவணையா பல தவணையா, மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஓவியருக்கு என்ன பங்கு, மூல ஓவியம் யாருக்கு, வேலை நடுவில் நின்றால் என்ன தருவது. படக்கதையில் ஓவியர் பாதி ஆசிரியர். அவர் பெயர் அட்டையில் உங்கள் பெயருக்கு இணையாக வர வேண்டும்.

முதலில் கதைமாந்தர்களை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் வரைந்து வாங்குங்கள். அதன்பின் எல்லாப் பக்கத்துக்கும் பென்சில் கோட்டுருவம். வண்ணம் அதற்குப் பிறகுதான். கோட்டுருவ நிலையில் திருத்தம் எளிது, வண்ணம் தீட்டியபின் அதே திருத்தம் புதிதாக வரைவதற்குச் சமம்.

எழுத்தில் இல்லாத, ஆனால் கதைக்குத் தேவையான செய்தியை மட்டும் குறிப்பாகக் கொடுங்கள். "பூனை எல்லாப் பக்கத்திலும் ஒளிந்திருக்க வேண்டும்" என்பது நல்ல குறிப்பு. "மீனா மஞ்சள் பாவாடையில் இடதுபுறம் திரும்பி நிற்கிறாள்" என்பது ஓவியரின் கையைப் பிடித்து வரைவது. படங்கள் வந்ததும் எழுத்தை மறுபடி வெட்டுங்கள். படம் சொல்லிவிட்டதைச் சொல்லும் வரி இனித் தேவையில்லை.

10. பக்க வடிவமைப்பு

எழுத்தின் அளவு தானே வாசிக்கும் குழந்தைக்கு 16 முதல் 18 புள்ளி (பாயின்ட்) இருக்கட்டும். வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விடுங்கள். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் நீள்வதால் நெருக்கினால் "கி"யும் "கு"வும் மோதிக்கொள்ளும். வரியைப் பொருள் முடியும் இடத்தில் உடையுங்கள். "சிவப்புப்" ஒரு வரியிலும் "பட்டம்" அடுத்த வரியிலும் வேண்டாம். சொல்லை நடுவில் உடைக்கும் வசதியை மென்பொருளில் அணைத்துவிடுங்கள். இரு ஓரமும் சமமாக இழுப்பதைவிட இடப்பக்கம் மட்டும் சீராக வைப்பது நல்லது, இல்லையென்றால் சொற்களுக்கிடையே பள்ளம் விழும்.

யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு என்றால் "கௌ" என்பது "கெள" என்றும், துணைக்கால் "ர" என்றும் மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் மெய்ப்பில், அதாவது அச்சுக்குமுன் பிழை பார்க்கும்போது, தப்பிவிடும்.

படங்கள் அச்சிடும் அளவிலேயே அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். 8.5 அங்குலச் சதுர நூலில் இரட்டைப் பக்கப் படம் 17 அங்குலம் அகலம், அதாவது 5,100 புள்ளிகள். இதற்கு மேல் வெட்டுக்காக எல்லா விளிம்பிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்திருக்க வேண்டும். கத்தி சற்று விலகினால் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க இதுவே வழி. நடுமடிப்பில் முகமோ எழுத்தோ வரக் கூடாது. தையலுக்குள் போய்விடும்.

11. மெய்ப்பும் அச்சும்

திரையில் தெரியும் நிறம் ஆர்.ஜி.பி. (சிவப்பு, பச்சை, நீலம்) ஒளி, அச்சில் வருவது சி.எம்.ஒய்.கே. (சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மை. பளிச்சென்ற பச்சையும் நீலமும் மங்கும். அச்சு மாதிரியை வாங்கிப் பகல் வெளிச்சத்தில் ஓவியரோடு சேர்ந்து பாருங்கள். கதை எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் அச்சிட்டால், அச்சுத் தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும்.

மெய்ப்பை இருமுறை பாருங்கள், இரண்டாம் முறை வேறொருவர். கதையைவிட அட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம், ஓவியர் பெயர் ஆகியவற்றில்தான் பிழை தங்கும், ஏனென்றால் அவற்றை யாரும் வாசிப்பதில்லை. நூலின் சர்வதேச அடையாள எண்ணான 13 இலக்க ஐ.எஸ்.பி.என்.ஐ இலக்கத்துக்கு இலக்கம் ஒப்பிடுங்கள். மெல்லிய அட்டைப் பதிப்புக்கும் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் தனித்தனி எண் வேண்டும்.

அச்சகத்திலிருந்து வந்த பிரதிகளில் கட்டுக்கு ஒன்றாக எடுத்துப் பக்க வரிசை, தையல், நிறம் மூன்றையும் பாருங்கள். இறுதி பி.டி.எஃப்., திறந்து திருத்தக்கூடிய மூலக்கோப்பு, படங்கள், எழுத்துருவின் பெயர் எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வாசகர்கள் சுட்டும் பிழைகளை ஒரு பிரதியிலேயே சிவப்பு மையால் குறித்து வாருங்கள். அடுத்த பதிப்புக்கு அந்தப் பிரதிதான் அச்சகத்துக்குப் போக வேண்டும்.